காப்பிரைட் சண்டையில நமக்கு நாற்காலி இல்ல

2025 மே மாசம் நியூயார்க் ஃபெடரல் கோர்ட்ல ஒரு ஆர்டர் போட்டாங்க. ஓப்பன்ஏஐ மேல நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை 2023 டிசம்பர்ல போட்ட காப்பிரைட் கேஸ் அது. சாட்ஜிபிடி குடுக்கற பதில் எதையும் இனிமே அழிக்கக்கூடாது, யூசரே டெலீட் பட்டனை அமுக்கினாலும் ஒரு ஓரமா எடுத்து வைக்கணும், அதான் ஆர்டர். பத்திரிகைக்காரங்க பக்கம் காரணம் இல்லாம இல்ல. எங்க கட்டுரையை இந்த மெஷின் வரி மாறாம ஒப்பிக்குது, அதுக்கு ஆதாரம் அந்த சாட்லதான் இருக்கு, அதை அழிச்சுட்டா நாங்க எதைக் காட்டி நிரூபிக்கறதுன்னு கேக்கறாங்க. சரிதான். ஆனா அந்த சாட்ல இருக்கறது டைம்ஸ் கட்டுரை மட்டுமா? டாக்டர்கிட்ட சொல்லவே கூச்சப்படற சந்தேகத்தை ராத்திரி ரெண்டு மணிக்கு டைப் பண்ணவங்க இருக்காங்க, டிவோர்ஸ் பத்தி யோசிச்சுட்டு இருந்தவங்க, ஆபீஸ்ல மேனேஜர் மேல புகார் குடுக்கலாமான்னு கேட்டவங்க, கேட்டு முடிச்சதும் கையோட டெலீட் பண்ணிட்டு நிம்மதியா தூங்கப் போனவங்க. இவங்க யாருக்கும் அந்தப் பத்திரிகையோட எந்தத் தகராறும் கிடையாது.

இதைப் பாத்துட்டு, எங்க பேச்சையும் கொஞ்சம் கேளுங்க, எங்களையும் கேஸ்ல சேத்துக்கோங்கன்னு சில யூசருங்க மனு போட்டாங்க. சேத்துக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க. சட்டப்படி பாத்தா தப்பு சொல்லவும் முடியாது, வாதி இருக்காங்க, பிரதிவாதி இருக்காங்க, வழியில போறவன் எல்லாம் கேஸ்ல நுழைய முடியாது இல்லையா. எனக்கு ரொம்ப நாளா உறுத்தற விஷயமே இதுதான். காப்பிரைட் சண்டை நடக்கற ரூம்ல ரெண்டே நாற்காலிதான் போட்டிருக்காங்க, ஒண்ணு உரிமைக்காரருக்கு, இன்னொண்ணு கம்பெனிக்கு. படிக்கறவன், பாக்கறவன், கேக்கறவன், டைப் பண்றவன், இவனோட டேட்டா மேஜை மேல இருக்கும், ஆனா அவன் வெளியில நிக்கணும். பிரைவசி அடிப்படை உரிமையா இல்லையான்னு வருஷக்கணக்கா பெரிய பெரிய விவாதம் நடக்குது. உரிமைதான்னு முடிவான அப்புறமும், அதை வந்து சொல்ல அந்த ரூம்ல ஆளு இல்லைன்னா என்ன பிரயோஜனம்?

மேல சொன்ன ஆர்டரோட கட்டாயம் அந்த வருஷம் செப்டம்பர் கடைசியோட நின்னுச்சு. ஆனா அதுக்கப்புறம் பேரு ஊரு எல்லாம் எடுத்துட்டு 2 கோடி சாட்டை எதிர்த்தரப்புக்குக் குடுங்கன்னு இன்னொரு ஆர்டர் வந்துச்சு. பேரை எடுத்துட்டா யாருன்னு தெரியாதுன்னு நம்பிக்கை. 2006ல ஏஓஎல் கம்பெனி ஆராய்ச்சிக்குன்னு தன்னோட கஸ்டமர்ங்க தேடின சுமார் 2 கோடி தேடலை, பேருக்குப் பதிலா ஒரு நம்பரைப் போட்டு, நெட்ல வெளியிட்டுச்சு. அதுல ஒரு நம்பரை எடுத்து, அந்த ஆளு தேடின விஷயங்களை மட்டும் வச்சு, ஜார்ஜியா மாநிலத்துல இருந்த ஒரு வயசான அம்மாவைத் தேடிப்போய் வீட்டு வாசல்ல நின்னாங்க சில நிருபர்ங்க. அந்த நிருபர்ங்க எந்தப் பத்திரிகைன்னு நெனைக்கறீங்க? இதே நியூயார்க் டைம்ஸ்தான். பேரை எடுத்தா போதும்ங்கறது எவ்வளவு பலவீனமான பேச்சுன்னு உலகத்துக்கே எடுத்துக்காட்டினவங்க, 19 வருஷம் கழிச்சு பேரை எடுத்துட்டுக் குடுத்தா போதும்னு கேக்கறாங்க.

இது முதல் தடவையும் இல்ல. யூடியூப் மேல வயாகாம் கம்பெனி 100 கோடி டாலர் கேட்டு கேஸ் போட்டிருந்துச்சு, அதுல 2008 ஜூலைல ஜட்ஜ் ஒரு ஆர்டர் போட்டார், யூடியூப்ல யாரு எந்த வீடியோவை எப்ப பாத்தாங்கங்கற மொத்த லாகையும் குடுத்துடுங்கன்னு. யூசர் ஐடி, ஐபி அட்ரஸோட, 12 டெராபைட். பிரைவசி போகும்னு கூகுள் சொன்னது வெறும் ஊகம்னு தள்ளிட்டார். ஊரே கொந்தளிச்ச அப்புறம்தான் ரெண்டு கம்பெனியும் பேசி, ஐடியை மறைச்சுக் குடுக்கறதுன்னு ஒத்துக்கிட்டாங்க. அதுவும் கோர்ட் காப்பாத்தினது இல்ல, கம்பெனிங்க பாத்துப் போட்ட பிச்சை.

இதுல கொடுமை என்னன்னா காப்பிரைட்டும் பிரைவசியும் ஒரே வயித்துல பொறந்ததுங்க. 1741ல இங்கிலாந்துல அலெக்சாண்டர் போப்னு ஒரு கவிஞர், அவரும் எழுத்தாளர் ஸ்விஃப்டும் எழுதிக்கிட்ட கடிதத்தை எல்லாம் கர்ல்னு ஒரு புத்தக வியாபாரி, கேக்காம கொள்ளாம அச்சடிச்சு வித்துட்டார். போப் கோர்ட்டுக்குப் போனார். கடிதம் யாருக்கு வந்துச்சோ அவருக்குக் காகிதம் சொந்தம், அதுக்காக அதுல இருக்கற எழுத்தை ஊருக்கெல்லாம் வெளியிடற அதிகாரம் அவருக்கு வந்துடாது, அது எழுதினவரோடதுதான்னு தீர்ப்பு. இதை காப்பிரைட் கேஸ்னு சட்டக் கல்லூரில சொல்லித் தருவாங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க, தன்னோட கடிதத்தை ஊரு படிக்குதேன்னு ஒரு மனுஷன் கோர்ட்டுக்குப் போறது காசுக்காக மட்டுமா?

1849ல இதை விடத் தெளிவா ஒண்ணு. விக்டோரியா ராணியும் அவங்க வீட்டுக்காரர் ஆல்பர்ட்டும் பொழுதுபோக்கா செஞ்ச செதுக்கோவியங்கள், சொந்தக்காரங்க நெருங்கினவங்களுக்கு மட்டும் குடுத்தது. பிரிண்ட் போடக் குடுத்த இடத்துல வேலை பாத்த ஒரு ஆளு கூடுதலா சில காப்பி எடுத்துட்டுப் போய்ட்டான், அது கை மாறி ஸ்ட்ரேஞ்சுங்கற ஆள்கிட்ட வந்து, அவர் கண்காட்சி வைக்கறேன், என்னென்ன படம்னு கேட்டலாக் போடறேன்னு கிளம்பிட்டார். கோர்ட் கண்காட்சியை மட்டும் இல்ல, அந்தக் கேட்டலாக்கையும் சேத்துத் தடுத்துச்சு. படத்தைக் காப்பி அடிக்காம வெறும் வார்த்தையில விவரிச்சாலும் கூடாதுன்னு ஆச்சு. இது எந்தக் காப்பிரைட்? அந்தரங்கத்துக்குக் குடுத்த பாதுகாப்புதானே, பேருதான் சொத்துன்னு இருந்துச்சு.

இதைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டவங்க வாரனும் பிராண்டைசும். பிரைவசிக்கு அப்பா அம்மான்னு சொல்ற அளவுக்கு எல்லாரும் மேற்கோள் காட்டற அவங்க கட்டுரை, 1890ல ஹார்வர்ட் சட்ட இதழ்ல வந்தது. கையில தூக்கிட்டுப் போற கோடாக் கேமரா அப்பதான் வந்திருக்கு, பத்திரிகைங்க வம்பு பேசி வித்துட்டு இருக்கு, ரெண்டு வக்கீலுக்கும் எரிச்சல். அவங்க வாதம் என்னன்னா, வெளியிடாத கடிதத்தைக் கோர்ட் காப்பாத்துதே, அந்தக் கடிதத்துல இலக்கியம் எதுவும் இல்லாட்டியும், அஞ்சு பைசா பெறாட்டியும் காப்பாத்துதே, அப்ப காப்பாத்தறது சொத்தை இல்ல, அந்த மனுஷனை. தன்னைத் தனியா விடச் சொல்ற உரிமை ஏற்கெனவே சட்டத்துக்குள்ள ஒளிஞ்சுட்டுதான் இருக்கு, வெளிய எடுத்துப் பேரு வைங்க, அவ்வளவுதான். ஆக பிரைவசிங்கற உரிமையை காப்பிரைட் தீர்ப்புகளுக்குள்ள இருந்துதான் தோண்டி எடுத்திருக்காங்க. நூத்தி இருபது வருஷம் கழிச்சு இதுங்க ரெண்டும் இப்படி முட்டிக்கும்னு அவங்களுக்குத் தோணியிருக்காது.

காகிதத்துல பாத்தா இன்னைக்கும் ரெண்டும் பக்கத்துப் பக்கத்துலதான் இருக்கு. 1948 உலக மனித உரிமைப் பிரகடனத்துல 12வது பிரிவு அந்தரங்கம், 19வது கருத்துச் சுதந்திரம், 27ல ரெண்டு பாதி, சமூகத்தோட கலாசார வாழ்க்கையில எல்லாருக்கும் பங்கு உண்டுங்கறது முதல் பாதி, படைச்சவனோட நலனைக் காப்பாத்தணும்ங்கறது ரெண்டாவது. ஐரோப்பிய யூனியனோட அடிப்படை உரிமை சாசனத்துல 7ம் 8ம் பிரைவசி, தனிப்பட்ட டேட்டா, 17ல அறிவுசார் சொத்தும் பாதுகாக்கப்படும்னு ஒரே ஒரு குட்டி வரி. நம்ம பக்கம் வந்தா 1994ல நக்கீரன் கேஸ். ஆட்டோ சங்கர் ஜெயில்ல இருந்து எழுதின சுயசரிதையைப் போடக்கூடாதுன்னு ஜெயில் அதிகாரிங்க மிரட்டினாங்க. சுப்ரீம் கோர்ட் ரெண்டு விஷயம் சொல்லுச்சு. தனிமனுஷனுக்குத் தன்னைத் தனியா விடச் சொல்ற உரிமை இருக்கு, அவன் சம்மதம் இல்லாம அவன் குடும்பம், கல்யாணம் பத்தி எழுதக்கூடாது. ஆனா அரசாங்கப் பதிவேட்டுல, கோர்ட் பதிவேட்டுல இருக்கறதை எழுதலாம், அதிகாரிங்க தங்களுக்கு மானம் போகும்னு முன்கூட்டியே தடுக்க முடியாது. அந்தத் தீர்ப்பு எனக்கு ஏன் பிடிக்கும்னா, பிரைவசி யாருக்கு, யாரு அதைக் கவசமா போட்டுக்கக்கூடாதுன்னு ஒரே மூச்சுல சொல்லிடுச்சு. அப்புறம் 2017 ஆகஸ்ட்ல புட்டசாமி கேஸ்ல 9 ஜட்ஜ் ஒருமனசா, அந்தரங்கம் அடிப்படை உரிமைதான்னு சொன்னதும், 1954லயும் 1962லயும் வந்த பழைய தீர்ப்புங்க அதுக்கு எதிரா சொன்னதைத் தூக்கினதும் தெரிஞ்ச கதை.

சரி, அப்ப எங்க முட்டிக்கிச்சு? காப்பி அடிக்கறவன் கையில பிரிண்டிங் மெஷின் இருந்த வரைக்கும் பிரச்சனை இல்ல. மெஷினை ஒளிச்சு வைக்க முடியாது, கடை இருக்கும், சரக்கு இருக்கும், போய் பிடிக்கலாம். வீட்டுல உக்காந்து ஒவ்வொருத்தரும் காப்பி எடுக்கலாம்னு ஆனப்புறம், உரிமைக்காரங்க வீட்டுக்குள்ள எட்டிப் பாக்காம பிடிக்க முடியாதுன்னு ஆச்சு. அவங்களுக்குக் கிடைக்கறது ஒரு ஐபி அட்ரஸ், அதுக்குப் பின்னாடி இருக்கற பேரு இன்டர்நெட் கம்பெனிகிட்ட இருக்கும். அமெரிக்காவுல 1998ல வந்த டிஎம்சிஏங்கற டிஜிட்டல் காப்பிரைட் சட்டத்துல இதுக்கு ஒரு குறுக்குவழி வச்சாங்க, ஜட்ஜ் பாக்கவே வேண்டாம், கோர்ட் கிளர்க்கிட்ட ஒரு ஃபார்ம் குடுத்தா சம்மன் கிடைக்கும், கம்பெனி பேரைச் சொல்லணும். இசைக் கம்பெனிங்க சங்கம் 2003ல இதை வச்சு ஆயிரக்கணக்குல கேட்டாங்க. அந்த வருஷம் செப்டம்பர்ல கேஸ் போட்ட முதல் லிஸ்ட்லயே நியூயார்க்ல ஒரு 12 வயசுப் பொண்ணு, அவங்க அம்மா 2,000 டாலர் கட்டி முடிச்சாங்க. வெரைசான் கம்பெனி எதிர்த்து நின்னு, வெறும் கம்பி இழுத்துக் குடுக்கற கம்பெனிக்கு இந்தக் குறுக்குவழி செல்லாதுன்னு அந்த டிசம்பர்ல அப்பீல்ல ஜெயிச்சுது. அதுக்கு மேல பேரு வேணும்னா ஜட்ஜ் முன்னாடி போகணும்.

போனாங்க. அங்கதான் பிரெண்டா லா மாதிரி ஆளுங்க வந்தாங்க. இந்த வக்கீல் கம்பெனி செஞ்ச வேலை சினிமாவுல வந்தா நம்ப மாட்டோம். ஆபாசப் படத்தோட காப்பிரைட்டை வாங்கி, அதைத் தாங்களே டாரண்ட்ல ஏத்தி விட்டு, யாரு டவுன்லோட் பண்றாங்கன்னு ஐபி அட்ரஸைப் பிடிச்சு, கோர்ட் மூலமா பேரு வாங்கி, சில ஆயிரம் டாலர் குடுத்தா முடிச்சுக்கலாம், இல்லாட்டி உங்க பேரு இந்தப் படத்தோட பேரோட சேந்து கோர்ட் ரெக்கார்ட்ல வரும்னு லெட்டர். பண்ணாதவங்களும் பயந்து கட்டினாங்க, வைஃபை யாரு யூஸ் பண்ணாங்கன்னு யாருக்குத் தெரியும். சுமார் 60 லட்சம் டாலர் இப்படி வசூல். கடைசில 2019ல ஒரு வக்கீலுக்கு 14 வருஷம், இன்னொருத்தருக்கு 5 வருஷம் ஜெயில். அங்க வித்தது படத்தை இல்லைங்க, அவமானத்தை. படத்தோட காப்பிரைட் வெறும் சாவி, பூட்டு நம்ம பிரைவசி.

இதே மாதிரி ஒரு விவகாரம் 2012ல லண்டன் ஹைகோர்ட்ல வந்தப்ப என்ன நடந்துச்சுன்னு பாருங்க. கோல்டன் ஐங்கற கம்பெனி, ஓ2 இன்டர்நெட் கஸ்டமர்ங்க 9,000 பேருக்கும் மேல பேரு கேட்டாங்க, ஆளுக்கு 700 பவுண்ட் கேட்டு லெட்டர் ரெடியா வச்சிருந்தாங்க. ஓ2 எதிர்க்கவே இல்ல, அவங்களுக்கு என்ன வந்துச்சு. அந்த ஜட்ஜ், ஆர்னால்ட், அப்படியே கையெழுத்துப் போடல. கன்ஸ்யூமர் ஃபோகஸ்னு நுகர்வோர் அமைப்புக்கு, அந்த 9,000 பேரு சார்பா வந்து பேச இடம் குடுத்தாங்க. அவங்க வந்தாங்க, பேசினாங்க, 700 பவுண்ட் கேக்கறது நியாயமே இல்லைன்னு ஆச்சு, லெட்டர்ல என்ன வார்த்தை இருக்கணும்ங்கறது வரைக்கும் கோர்ட் பாத்துச்சு. புதுசா சட்டம் போடல, யாரும் அரசியல் சாசனத்தைத் திருத்தல. ஒரு நாற்காலி இழுத்துப் போட்டாங்க, அவ்வளவுதான். முடியாதுன்னு சொல்றவங்களுக்கு நான் இந்தத் தீர்ப்பைத்தான் காட்டுவேன்.

கனடாக்காரங்க வேற வழி. 2015ல இருந்து அங்க, புகார் வந்தா இன்டர்நெட் கம்பெனி அதை அந்தக் கஸ்டமருக்கு அனுப்பி வைக்கும், பேரை வெளிய சொல்லாது, பேரு வேணும்னா கோர்ட் ஆர்டர் கொண்டா. எனக்கென்னவோ இதுதான் கொஞ்சம் மனுஷத்தனமா தோணுது, பக்கத்து வீட்டுக்காரன் சத்தம் போட்டா முதல்ல கதவைத் தட்டிச் சொல்றோம் இல்லையா. பிரான்ஸ்ல நேர் எதிர், 2009ல ஹடோப்பி சட்டம், மூணு தடவை மாட்டினா இன்டர்நெட்டையே கட் பண்ற அதிகாரத்தை ஒரு அரசாங்க அமைப்புக்குக் குடுத்தாங்க. ஜூன் 10ம் தேதி அங்க அரசியல் சாசன கவுன்சில் அதை வெட்டிடுச்சு, இன்டர்நெட் இல்லாம இன்னைக்குப் பேச்சுரிமை எங்க இருக்கு, அதைப் பிடுங்கணும்னா ஜட்ஜ்தான் பண்ணணும்னு. 1789ல எழுதின மனித உரிமைப் பிரகடனத்தை வச்சு இன்டர்நெட்டைக் காப்பாத்தினாங்க. ஆனா 2024 ஏப்ரல்ல ஐரோப்பிய நீதிமன்றம், சில கட்டுப்பாடுகளோட, காப்பிரைட் மீறலுக்காக ஐபி அட்ரஸுக்குப் பின்னாடி இருக்கற பேரை அந்த அமைப்பு பாக்கலாம்னு விட்டுடுச்சு. இதுக்கு முன்னாடியெல்லாம் பெரிய குத்தத்துக்குத்தான் இந்த மாதிரி கதவைத் திறப்போம்னு சொல்லிட்டு இருந்த கோர்ட் அது. பாட்டு டவுன்லோட் பண்றது அந்த வரிசைல வந்து உக்காந்தது எனக்குச் சுத்தமா பிடிக்கல.

இந்தியாவுல இன்னும் சுவாரசியம், பேரு தெரியாத பிரதிவாதிக்கு நம்ம வக்கீலுங்க அசோக் குமார்னு பேரு வச்சிருக்காங்க. படம் ரிலீஸ் ஆகறதுக்கு முன்னாடியே அசோக் குமார் மேல தடை வாங்கிடுவாங்க. மெட்ராஸ் ஹைகோர்ட்ல வாங்கின அப்படி ஒரு ஆர்டரைக் கையில வச்சுக்கிட்டு 2012 மே மாசம் இன்டர்நெட் கம்பெனிங்க விமியோங்கற வீடியோ சைட் உட்பட முழு முழு சைட்டையே பிளாக் பண்ணிட்டாங்க. தன்னோட சொந்தக் குறும்படத்தை விமியோல போட்டு வச்சிருந்தவனுக்கு எங்க போய் கேக்கணும்னு கூடத் தெரியாது. ஜூன்ல கோர்ட்டே, நாங்க சொன்னது அந்தக் குறிப்பிட்ட லிங்க்கை மட்டும்தான்னு விளக்கம் குடுத்துச்சு.

பேரு கேக்கறது ஒரு வகைன்னா, நெட்ல போட்டதைத் தூக்கச் சொல்றது இன்னொரு வகை. டிஎம்சிஏ படி ஒரு நோட்டீஸ் வந்தா பிளாட்ஃபார்ம் உடனே தூக்கிடும், தூக்கினா அவங்க மேல கேஸ் வராது, தூக்காட்டி வரலாம், நீங்க கம்பெனி நடத்தினா என்ன பண்ணுவீங்க. எனக்கே நடந்துச்சு. புனைபேர்ல எழுதிட்டு இருந்த ஒரு தளத்துல, ஒரு கம்பெனியோட விளம்பரத்தை விமர்சனம் பண்ணி, அதுல இருந்து ஒரே ஒரு ஸ்டில் போட்டிருந்தேன். புகார் வந்து போஸ்ட் போச்சு. எதிர்த்து மனு போடலாம்னு இருந்துச்சு, திறந்து பாத்தா உண்மையான பேரு, வீட்டு அட்ரஸ், போன் நம்பர், கோர்ட் அதிகாரத்துக்குக் கட்டுப்படறேன்னு ஒப்புதல், இது எல்லாம் குடுக்கணும், அது அப்படியே புகார் குடுத்தவனுக்குப் போகும். அதாவது என் பேச்சைத் திரும்ப வாங்கணும்னா நான் யாருன்னு, யாரைப் பத்தி எழுதினேனோ அவங்ககிட்டயே சொல்லணும். போஸ்ட் போனா போகட்டும்னு விட்டுட்டேன். இதுல நான் பெரிசா எதையும் இழக்கல. ஆனா ஊழல் பத்தி எழுதறவங்க, சாதி வன்முறை பத்தி எழுதறவங்க, புகுந்த வீட்டுக் கொடுமையைப் பேரு மறைச்சு எழுதற பொண்ணுங்க, இவங்க அந்த ஃபார்மை எப்படி நிரப்புவாங்க? பொய்யா ஒரு நோட்டீஸ் போட்டே ஒருத்தரோட முகமூடியைக் கழட்ட வைக்கலாம், சட்டமே வழி பண்ணிக் குடுத்திருக்கு.

இதை ரொம்ப நல்லா புரிஞ்சுக்கிட்டவங்க போலீஸ்காரங்க. 2021ல கலிஃபோர்னியாவுல ஒரு போராட்டக்காரர் வீடியோ எடுக்கறப்ப, ஒரு ஷெரிஃப் ஆபீசர் பாக்கெட்ல இருந்து போனை எடுத்து டெய்லர் ஸ்விஃப்ட் பாட்டைப் போட்டார். ஏன் சார்னு கேட்டா, இப்ப இதை யூடியூப்ல போட முடியாது இல்லன்னு கேமராவைப் பாத்தே சொன்னார். அந்த வீடியோ யூடியூப்ல ஓடி ஊரே சிரிச்சுதுங்கறது வேற. ஆனா அவர் யோசனை முட்டாள்தனம் இல்ல. காப்பிரைட் பாட்டு, வீடியோவைத் தானா கண்டுபிடிக்கற யூடியூப்போட கன்டென்ட் ஐடி மெஷின் 2021 முதல் பாதில மட்டும் 72 கோடிக்கும் மேல கிளெய்ம் போட்டுச்சு, அதை எதிர்த்துக் கேட்டது சுமார் 37 லட்சம். கேட்டதுல 60 சதவீதம் அப்லோட் பண்ணவங்க பக்கம் முடிஞ்சுது. கேக்காதவங்களுக்கு எல்லாம் நியாயம் மெஷின் பக்கம்தான் இருந்துச்சுன்னு நம்பறதா, இல்ல பயந்துட்டாங்கன்னு எடுத்துக்கறதா? ஐரோப்பாவுல 2019 காப்பிரைட் சட்டத்தோட 17வது பிரிவுல, மேற்கோள், நையாண்டி எல்லாம் யூசரோட உரிமை, அதைத் தூக்கக்கூடாதுன்னு எழுதியே வச்சாங்க. போலந்து அந்தச் சட்டத்தையே எதிர்த்துப் போன கேஸ்ல 2022ல தீர்ப்பு, எது சட்டப்படி சரி எது தப்புன்னு பிரிச்சுப் பாக்கத் தெரியாத ஃபில்டர் செல்லாதுன்னு. நையாண்டியைக் கண்டுபிடிக்கற ஃபில்டர் யாருகிட்ட இருக்குன்னு மட்டும் யாரும் சொல்லல.

பூட்டுப் போட்ட டிஜிட்டல் சரக்கு இன்னொரு பக்கம், அதைச் சுருக்கமா சொல்லிடறேன். 2005ல சோனி பிஎம்ஜி சிடியைக் கம்ப்யூட்டர்ல போட்டா, காப்பி எடுக்கக்கூடாதுன்னு ஒரு புரோகிராம் சொல்லாம கொள்ளாம உள்ள புகுந்து தன்னை ஒளிச்சுக்கும், நீங்க எந்த ஆல்பம் கேக்கறீங்கன்னு அவங்க சர்வருக்குத் தகவல் போகும், வைரஸ்காரங்களும் அதே ஓட்டைல நுழைஞ்சாங்க. காசு குடுத்து வாங்கினவனுக்குத்தான் இந்த மரியாதை, திருட்டு சிடி வாங்கினவன் தப்பிச்சான். 2014ல அடோபியோட மின்னூல் ரீடர், என்ன புத்தகம், எத்தனாவது பக்கம், எவ்வளவு நேரம்னு எல்லாத்தையும் பூட்டுக்கூட இல்லாம நெட்ல அனுப்பிட்டு இருந்தது தெரிய வந்துச்சு. லைசன்ஸ் சரிபாக்கத்தான்னு விளக்கம் சொன்னாங்க. நூலகத்துல யாரு என்ன புத்தகம் எடுத்தாங்கன்னு போலீஸ் வந்து கேட்டாக்கூட சொல்லமாட்டோம்னு சண்டை போட்ட நூலகர்கள் வழியா வந்த புத்தகம் கூட இப்படித்தான் போய்ட்டு இருந்துச்சு.

இவ்வளவு திட்டினேன், ஆனா காப்பிரைட்டைத் தூக்கிப் பிடிச்சுட்டு பிரைவசிக்காக ஓடற ஆளுங்களும் இருக்காங்க. பழைய காதலன் அந்தரங்கப் படத்தை நெட்ல போட்டுட்டான், என்ன பண்றது? அமெரிக்காவுல 1996ல வந்த ஒரு சட்டத்தோட 230வது பிரிவு, மத்தவங்க போட்டதுக்குப் பிளாட்ஃபார்ம் பொறுப்பில்லைன்னு சொல்லுது, அதனால பிரைவசி போச்சுன்னு அழுதா அவங்க அசைய வேண்டியதில்ல. ஆனா அதே பிரிவுல அறிவுசார் சொத்துக்கு மட்டும் விலக்கு. அதனால வக்கீலுங்க சொல்லிக் குடுத்தாங்க, அழாதே, அது செல்ஃபிதானே, எடுத்தவ நீ, அப்ப காப்பிரைட் உன்னுது, டிஎம்சிஏ நோட்டீஸ் போடு. போட்டா உடனே தூக்கறாங்க. படத்தை அவன் எடுத்திருந்தா? காப்பிரைட் அவனோடது, அவளுக்கு ஒண்ணும் கிடையாது. உடம்பு அவளோடது, மானம் அவளோடது, கேமரா யாரு கையில இருந்துச்சுங்கறதுதான் கேள்வி. இந்த அசிங்கத்தைச் சரிபண்ண, சம்மதம் இல்லாம போட்ட அந்தரங்கப் படத்தை 48 மணி நேரத்துல தூக்கணும்னு தனிச்சட்டம் வர 2025 மே வரைக்கும் ஆச்சு. அதுவும் பொய்ப் புகாருக்கு நல்லா வழி விட்டிருக்குன்னு பேச்சுரிமைக்காரங்க சண்டை போட்டுட்டு இருக்காங்க, அவங்க பயமும் மேல சொன்ன கதைங்களைப் பாத்து வந்த பயம்தான்.

டென்மார்க்ல 2025ல இன்னும் ஒரு படி மேல போனாங்க. ஏஐ வச்சு ஒருத்தரை மாதிரியே செய்யற டீப்ஃபேக்கைத் தடுக்க, ஒருத்தரோட முகம், குரல், உடம்பு மேல அவங்களுக்கே உரிமைன்னு காப்பிரைட் சட்டத்தையே திருத்தறோம்னு முன்மொழிஞ்சாங்க, நையாண்டிக்கு விலக்கு குடுத்து. எனக்கு இதுல பாதி சந்தோஷம், பாதி கிலி. தூக்கச் சொன்னா தூக்கற மெஷின் காப்பிரைட்டுக்குத்தான் ஏற்கெனவே இருக்கு, அதைப் பயன்படுத்திக்கறது புத்திசாலித்தனம். ஆனா சொத்து மாதிரி ஆன எதையும் எழுதிக் குடுக்கச் சொல்லிக் கேப்பாங்க. ஆப் போடறப்ப யாருமே படிக்காம டிக் பண்ற அந்த ஒப்பந்தத்துல, உங்க போட்டோவை உலகம் பூரா இலவசமா பயன்படுத்த லைசன்ஸ் குடுக்கறேன்னு ஒரு வரி இருக்கும், நாளைக்கு அதுல உங்க குரலும் முகமும்னு ரெண்டு வார்த்தை சேரும். மனுஷனுக்குன்னு இருக்கற உரிமையை ஒரு டிக்ல எழுதி வாங்கறது அவ்வளவு சுலபம் இல்ல.

2020ல நெதர்லாந்துல ஒரு பாட்டி கேஸ். பேரப்பிள்ளைங்க போட்டோவை ஃபேஸ்புக்லயும் பின்டரஸ்ட்லயும் போட்டாங்க, பிள்ளைங்களோட அம்மா எடுக்கச் சொன்னாங்க, பாட்டி எடுக்கல. கோர்ட், ஜிடிபிஆர்ங்கற ஐரோப்பிய டேட்டா பாதுகாப்புச் சட்டத்தை வச்சு, எடுத்துடுங்க, எடுக்காட்டி நாளுக்கு 50 யூரோ, 1,000 யூரோ வரைக்கும் அபராதம்னு சொல்லுச்சு. குடும்பத்துக்குள்ள வச்சுக்கறதுக்கு அந்தச் சட்டத்துல விலக்கு இருக்கு, ஆனா ஊருக்கே தெரியற மாதிரி போட்டா அந்த விலக்கு இல்லைன்னாங்க. போட்டோவை பாட்டியே எடுத்திருந்தாலும், காப்பிரைட் சட்டத்துல பாட்டி கை ஓங்கியிருந்தாலும், இங்க அது பேசல. நாலு வருஷம் கழிச்சு பிரான்ஸ்ல பெத்தவங்களுக்கே கடிவாளம் போட்டாங்க, பிள்ளையோட படத்தைப் போடறதுல அப்பா அம்மா ரெண்டு பேரும் சேந்து முடிவு எடுக்கணும், பிள்ளையோட வயசையும் பக்குவத்தையும் பாத்து அதையும் கேக்கணும், ஒத்துப்போகலைன்னா ஜட்ஜ் தடுக்கலாம்னு 2024 பிப்ரவரில சட்டம். பிள்ளையைக் கேக்கணும்னு சட்டத்துல எழுதினதுதான் எனக்கு அதுல பிடிச்ச வரி. அமலாகுமான்னு கேட்டா, ஏழு வயசுப் பிள்ளை நோட்டீஸ் அனுப்பாது. ஆனா பதினெட்டு வயசுல அது கேள்வி கேக்கறப்ப, நான்தானே எடுத்தேன், என் போன்தானேன்னு சொல்ல முடியாம போகும்.